ஒன்பது பேர் எழுதும் கொப்பி

அத்தியாயம் பதினொன்று

செபநாயகத்தின் தபால் அட்டையைப் பாலேஸ்வரி அரிசிப் பெட்டிக்குள் ஒளித்ததைப் போன கிழமை பார்த்தோம். அட்டையை ஒளிக்கலாம், புதன்கிழமையை ஒளிக்க முடியுமா? அது தன்பாட்டில் விடிந்துவிட்டது.

இந்தக் கிழமைதான் முதன்முதலாக நம்மோடு வந்து சேருகிறவர்களுக்கு நாலு வரி சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நீர்வேலிச் சீவரத்தினம் கொழும்பிலே படித்து, ஆயிரத்துத் தொளாயிரத்து இருபத்தாறில் இலண்டன் பி. ஏ. பட்டம் வாங்கியவர். அவரோடு தேறிய தமிழ்ப் பிள்ளைகள் எட்டுப் பேர். பிரியும் நாளன்று விடுதியில் ஒன்பது பேரும் கூடி ஒரு தடித்த கொப்பி வாங்கினார்கள். பெறுபேற்றுப் பலகையில் பெயர்கள் எந்த ஒழுங்கில் இருந்தனவோ, அந்த ஒழுங்கிலேயே கொப்பி தபாலில் சுற்றி வர வேண்டும் என்பது ஒப்பந்தம். கைக்கு வந்ததும் வேலை, வீடு, பிள்ளை குட்டி, ஊர்ப் புதினம் எல்லாவற்றையும் எழுதி அடுத்தவருக்கு அனுப்பிவிட வேண்டும். ரங்கூனுக்கும் தைப்பிங்குக்கும் கடல் தாண்டிப் போய் வருவதால் ஒரு சுற்று முடிய ஒரு வருடம் பிடிக்கும். தொடர்ந்து மூன்று சுற்று எழுதாதவரின் பெயர் வெட்டப்படும்.

தகப்பனார் காலமானதும் சீவரத்தினம் கொழும்புக் கந்தோர் வேலையை உதறிவிட்டு வாழைத் தோட்டத்துக்கு வந்துவிட்டார். இப்போது ஆறு வருடம். வந்த பிறகு இரண்டு சுற்றுக்கு அவர் பேனையைத் தொடவேயில்லை. "வாழைக்குலை வெட்டுறவன் என்னத்தை எழுதுறது?" என்று கொப்பியை அலுமாரிக்கு மேலே எறிந்தார்.

மூன்றாவது சுற்றிலும் எழுதாவிட்டால் பெயர் போய்விடும். பாலேஸ்வரிக்கு அது பொறுக்கவில்லை. புருஷனுக்குத் தெரியாமல் தானே எழுதினாள். கையெழுத்து மாறியதற்குக் காரணம் வேண்டுமே? "வலக்கை மணிக்கட்டில் சுளுக்கு. நான் சொல்ல மனைவி எழுதுகிறாள்" என்று முதல் வரியில் போட்டாள். அதற்குப் பிறகும் மூன்று சுற்று எழுதிவிட்டாள். சுளுக்கு நாலு வருடமாக மாறவேயில்லை.

கொப்பி வீட்டுக்கு வந்தால்தானே அகப்படுவாள்? சீவரத்தினத்தின் தங்கை அருமைநாயகி படிப்பிக்கிற பள்ளிக்கூட விலாசத்துக்கு அது வரும், அங்கிருந்தே போய்விடும். தன் பெயரை எப்போதோ வெட்டியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு சீவரத்தினம் தோட்டத்தோடு இருந்தார். நண்பர்களைப் பற்றி அவர் வாய் திறப்பதில்லை.

அந்த ஒன்பது பேரில் ஒருவரான செபநாயகம் போட்ட அட்டையில் இருந்தது இவ்வளவுதான்: "புதன்கிழமை பின்னேரம் வருகிறேன். உன் கைக்கு நல்ல எண்ணெய் ஒன்று அகப்பட்டிருக்கிறது. பெரிய விஷயம் ஒன்றும் இருக்கிறது. செபநாயகம்."

சரி, புதன்கிழமைக்கு வருவோம்.

பயந்து நடுங்கிக்கொண்டு இருக்க வேண்டிய பாலேஸ்வரி, காலையிலே குசினி வாசலில் நின்று வாழைத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரவு பெய்த மழையில் இலைகள் எல்லாம் கழுவிவிட்டாற் போல இருந்தன. ஓர் இலையில் தங்கிய தண்ணீர் நிறைந்து, சரிந்து, அடுத்த இலையில் விழுந்தது. அது நிறையும் வரைக்கும் பார்த்துவிட்டுப் போவோம் என்று நின்றாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.

இது அவளுடைய பழைய குணம். எனக்கு அவளில் பிடித்ததும் இதுதான். பக்கத்து வீட்டு இராசாத்தி மட்டும் "உவளுக்கு விசர்" என்பாள்.

"மச்சாள், பால்!" என்று ஓடி வந்தாள் அருமைநாயகி. தலையிடி என்று சொல்லி அன்று பள்ளிக்கூடத்துக்கு லீவு எடுத்திருந்தாள். "இண்டைக்கு எங்கடை தலை போகப்போகுது, நீங்கள் மழைத் தண்ணியைப் பாத்துக்கொண்டு நிக்கிறியள்."

"எனக்கு ஒண்டும் ஓடேல்லை, அருமை. அதுதான் பாக்கிறன்."

"நான் ஒரு வழி யோசிச்சனான். அண்ணைக்குக் கையிலை ஒரு துணியைக் கட்டிவிடுவம்."

"என்னத்துக்கு எண்டு கேட்டால்?"

பத்துப் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பிக்கிற அருமைநாயகியின் மூளை அத்தோடு நின்றுவிட்டது.

"வரட்டும்," என்றாள் பாலேஸ்வரி. "நாலு வருசம் எழுதினனான். ஒரு நாளைக்கு அவர் வாசிக்கத்தானே வேணும்."

அப்படிச் சொன்னாளே தவிர, அரிசிப் பெட்டியைத் திறந்து அட்டையை இன்னொரு தரம் வாசித்தாள். அவர் கோபித்தால் தாங்கலாம். ஏசினாலும் தாங்கலாம். ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விட்டால் என்ன செய்வது? ஆறு வருடமாக அவர் செய்வது அதுதானே. தன்னைப் பார்க்கும் போதெல்லாம் ஏன் அவர் முகம் இருண்டுபோகிறது என்பது அவளுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

கொப்பிதான் அவளுக்குத் துணை. அதைத் திறந்தால் மட்டக்களப்பில் மார்க்கண்டு தலைமையாசிரியராகி, வாவிக் கரையில் வீடு கட்டுவார். கண்டியில் வழக்குப் பேசுகிற அப்புக்காத்துத் தம்பிஐயாவுக்கு நாலாவதும் பெண் பிள்ளை பிறக்கும். ரங்கூனில் ஒருவர் ரெயில்வேக் கணக்கு எழுதிக்கொண்டே புல்லாங்குழல் பழகுவார். முப்பத்தைந்தில் மலேரியாக் காய்ச்சலில் போய்விட்ட குலசேகரத்தின் முறை வரும்போது, அவருக்கு முந்தியவர் ஒரு முழுப் பக்கத்தை வெறுமையாக விட்டுத்தான் கொப்பியைக் கட்டுவார். அந்த வெள்ளைப் பக்கத்தில் பாலேஸ்வரி ஒவ்வொரு முறையும் கையை வைத்துப் பார்ப்பாள். முகம் தெரியாத அந்த எட்டுப் பேரோடும் அவள் நாலு வருடம் வாழ்ந்திருக்கிறாள்.

எல்லாரும் இங்கிலீசில்தான் எழுதுவார்கள். அவள் தமிழில் எழுதினாள். இரண்டாம் சுற்றில் மார்க்கண்டு கடைசி நாலு வரியைத் தமிழில் எழுதினார். மூன்றாம் சுற்றில் தைப்பிங்கிலிருந்து தியாகராசா முழுப் பக்கமும் தமிழில் எழுதிவிட்டு, "பிழையிருந்தால் சிரிக்க வேண்டாம்" என்று அடியில் போட்டிருந்தார். அன்று அவள் எவ்வளவு சந்தோஷப்பட்டாள் என்று எனக்கல்லவா தெரியும்!

பின்னேரம் மூன்று மணிக்குச் செபநாயகம் பருத்தித்துறை வீதியில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஒழுங்கையால் நடந்து வந்து சேர்ந்தார். குருநகர்க்காரர். இப்போது பாடசாலைப் பரிசோதகர். ஆள் கொஞ்சம் பருமன். சப்பாத்து முழுக்கச் செம்மண். ஒரு கையில் தோல் பை, மறு கையில் கடதாசி சுற்றிய எண்ணெய்ப் போத்தல்.

"தங்கச்சி! நீர்தானே பாலேஸ்வரி? உம்மடை கையெழுத்துக்கு நான் நாலு வருசமாய்ப் பழக்கம்."

"வாங்கோ அண்ணை, இருங்கோ," என்று கதிரையைக் காட்டினாள்.

"அவன் எங்கை?"

அவன் எங்கே என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தோட்டத்துப் படலையைக் காலால் தள்ளித் திறந்துகொண்டு சீவரத்தினம் வந்தார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். தோளில் ஒரு கதலிக்குலை. வலக்கையில் இன்னொரு குலையைக் காம்பில் பிடித்துத் தூக்கி வந்தார். ஒவ்வொன்றும் ஆட்டுக்குட்டிப் பாரம் இருக்கும்.

செபநாயகம் கதிரையை விட்டு எழுந்துவிட்டார்.

"அடேய், கை!"

"என்ன கை?" என்றார் சீவரத்தினம். பிறகுதான் ஆளை அடையாளம் கண்டார். குலையைக் கீழே வைத்துவிட்டு, மண் ஒட்டிய கைகளை வேட்டியில் துடைத்தார். "செபநாயகம்... நீ என்னடா இஞ்சை? என்ரை பேரைத்தான் வெட்டியிட்டியளே."

"ஆர் வெட்டினது? உன்ரை பக்கம் வரத்தானே நாங்கள் எட்டுப் பேரும், சீ, ஏழு பேரும் காத்துக்கொண்டு இருக்கிறம். அது கிடக்க, சுளுக்கோடை உந்தக் குலையை ஏன் தூக்கிறாய்?"

"என்ன சுளுக்கு?"

அருமைநாயகி "நான் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாறன்" என்று உள்ளே ஓடிவிட்டாள். வீரத்தமிழ்ப் பெண்!

பாலேஸ்வரி ஓடவில்லை. தோல் பையிலிருந்து எட்டிப் பார்த்த கொப்பியைத் தானே எடுத்துப் புருஷனிடம் நீட்டினாள்.

"நான்தான் எழுதினனான். நாலு தரம். உங்கடை பேராலை. வாசியுங்கோ, பேந்து ஏசுங்கோ."

செபநாயகம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பரிசோதகர் அல்லவா, நிலைமையைச் சட்டென்று பிடித்துக்கொண்டார். "கால் கழுவ வேணும், கிணத்தடி எங்காலை?" என்று கேட்டுக்கொண்டு, பதிலுக்குக் காத்திராமல் தோட்டப் பக்கம் போய்விட்டார்.

சீவரத்தினம் நிலத்திலேயே உட்கார்ந்து வாசித்தார். விரல் மண் பக்க ஓரங்களில் ஒட்டியது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

"விடியற்காலையில் தண்ணீர் கட்டும்போது வாய்க்காலில் முதலில் சத்தம் வரும், பிறகுதான் தண்ணீர் வரும். அந்தச் சத்தத்துக்காகக் கால் விறைக்க நின்றுகொண்டிருக்கிறேன். கிணற்றுத் துலாவில் நடக்கிறவர் பாடுகிறார். பாட்டுக்கு அர்த்தம் விளங்கவில்லை. விளங்காதது நல்லது என்று நினைக்கிறேன்."

இன்னொரு பக்கம்:

"சித்திரையில் வெயில் வாழைக்குள் வந்ததும் பச்சையாகிவிடுகிறது. என் கை, கால், மகளின் முகம் எல்லாம் பச்சை. நாங்கள் இரண்டு பேரும் குளத்துக்கு அடியில் நடப்பதாக விளையாடினோம்."

இன்னொன்று:

"இன்று பின்னேரம் முழுக்க மழை. பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்காக எவரிடமும் லீவு கேட்கவில்லை."

அந்தத் தோட்டத்தில்தான் அவர் ஆறு வருடமாக வேலை செய்கிறார். இப்படி ஒரு தோட்டத்தை அவர் ஒரு நாளும் கண்டதில்லை.

"வடிவாய் எழுதியிருக்கிறீர்," என்றார் கடைசியில். "ஆனா எல்லாம் பொய்."

"சுளுக்கு ஒண்டுதான் பொய்."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"மற்றதெல்லாம் நான் கண்டது, நான் நினைச்சது," என்றாள் பாலேஸ்வரி. "பேர் மாத்திரம் உங்கடை."

"நீர் இஞ்சை சந்தோசமாய் இருக்கிறீரோ?"

"ஓம்."

"கோட்டர்ஸ் இல்லை, லைற் இல்லை, கடற்கரையிலை பின்னேரம் நடக்கிறது இல்லை. உத்தியோகத்தன் எண்டு நம்பித்தானே உம்மடை ஐயா உம்மைத் தந்தவர். உம்மை இஞ்சை கொண்டந்து சேத்துக்கை தள்ளிப்போட்டன் எண்டு நான் படுகிற பாடு..."

"அதுக்கோ முகத்தைத் திருப்பிக்கொண்டு திரிஞ்சனீங்கள்?" அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே. ஆறு வருசம்! ஒரு சொல்லு!"

கேட்டிருக்கலாம்தான். கல்யாணம் செய்து பத்து வருடமான எத்தனை வீடுகளில் அந்த ஒரு சொல் கேட்கப்படாமல் கிடக்கிறது என்று எழுதத் தொடங்கினால் பத்திரிகை ஆசிரியர் என் பக்கத்தைக் குறைத்துவிடுவார்.

அருமைநாயகி தேத்தண்ணியோடு வந்தாள். செபநாயகமும் கால் கழுவிக்கொண்டு வந்தார். இரண்டு பேரின் முகத்தையும் பார்த்ததும் அவருக்கு ஆறுதல் வந்திருக்க வேண்டும். ஆனால் அவர் சிரிக்கவில்லை. தேத்தண்ணியைத் தொடாமல் வைத்தார்.

"அப்ப உவ்வளவும் தங்கச்சி தானாய் எழுதினது. நல்லது. இல்லை, நல்லதில்லை. நான் எண்ணெய் தரவோ வந்தனான்? கொப்பியைத் தபாலிலை போட்டால் சுணங்கும் எண்டு கையிலை கொண்டந்தனான். தியாகராசாவின்ரை பக்கத்தை வாசியுங்கோ. கடைசியாய் எழுதியிருக்கிறான்."

பாலேஸ்வரிதான் வாசித்தாள். எழுத்துத் தமிழில், நிறையப் பிழைகளோடு:

"சீவரத்தினம், போன சுற்றில் உன்னை ஒரு கேள்வி கேட்டேன். வேலையை விட்டதற்கு எப்போதாவது வருந்தினாயா என்று. 'ஒரு நாளும் இல்லை' என்று எழுதினாய். தைப்பிங்கில் பின்னேரந்தோறும் மழை பெய்யும். பதினொரு வருடமாக அந்த மழையைக் கந்தோர் யன்னலால் பார்த்திருக்கிறேன். உன் பக்கத்தை வாசித்த அன்று மேசையை விட்டு எழுந்து போய் மழையில் நின்றேன். துரை கூப்பிட்டுக் கேட்டார். அடுத்த நாள் இராசிநாமாக் கடிதம் கொடுத்துவிட்டேன்."

அருமைநாயகி "ஐயோ" என்றாள்.

பாலேஸ்வரி விடாமல் வாசித்தாள்.

"இந்தக் கொப்பி செபநாயகத்தின் கைக்கு வரும்போது நான் கப்பலில் இருப்பேன். பதினாலாம் திகதி வெள்ளிக்கிழமை விடியக் கொழும்பு. அன்றிரவு மெயில் ரயில். சனிக்கிழமை காலை சுன்னாகத்தில் இறங்குவேன். எங்கள் ஊர் அளவெட்டிக்குப் போகமுன் உன் தோட்டத்தைப் பார்க்க வேண்டும். எனக்கும் அங்கே பத்துப் பரப்புக் காணி இருக்கிறது. வாழை வைக்கச் சொல்லித் தா."

"அவன்ரை காணி முழுக்கக் கல்லு!" என்று எழுந்துவிட்டார் சீவரத்தினம். "மண்வெட்டி வைச்சால் நெருப்புப் பறக்கும். அதிலை வாழையோ? கடைசி மட்டும் இருந்திருந்தால் பென்சன். நானெண்டால் தோட்டம் இருந்தது, வந்தனான். அவனுக்கு என்ன இருக்கு?"

வாழைக்குள் காற்றுப் புகுந்து வரும் சத்தம் மட்டும் கேட்டது. காலையில் பாலேஸ்வரிக்கு அது கடலைப் போல இருந்தது. இப்போது வெறும் இலைச் சத்தம்தான்.

நான் மழையைப் பார்த்துக்கொண்டிருந்ததை எழுதினேன், ஒரு மனிதன் சோற்றை விட்டுவிட்டு வருகிறான் என்று நினைத்தாள்.

"இன்னும் ரண்டு வரி இருக்கு, தங்கச்சி," என்றார் செபநாயகம்.

அவள் பக்கத்தைத் திருப்பினாள்.

"ஒரு விஷயம். மனைவி பாக்கியத்துக்கு இதை இன்னும் சொல்லவில்லை. லீவில் ஊருக்குப் போகிறோம் என்று சந்தோஷமாகச் சாமான் கட்டுகிறாள். ரயிலில் ஏறிய பிறகு ஆறுதலாகச் சொல்லலாம் என்று இருக்கிறேன்."

பாலேஸ்வரி கொப்பியை மூடவில்லை. அந்த வரியில் விரலை வைத்தபடியே இருந்தாள்.

சீவரத்தினம் முற்றத்தில் இரண்டு தரம் நடந்தார். பிறகு அவள் முன்னால் வந்து நின்றார்.

"சனிக்கிழமை நீரும் சுன்னாகம் ஸ்ரேசனுக்கு வாரும். அவன் ஆற்றை சொல்லை நம்பி வாறானோ, அந்த ஆள்தான் அங்கை நிக்கவேணும். நான் மறைக்கமாட்டன். என்ரை மனிசி எழுதினது எண்டு சொல்லுவன்."

நாலு வருடமாக அவள் ஏங்கிய சொல் இது. ஆனால் அவள் முகம் மலரவில்லை.

"வாறன். தியாகராசா அண்ணைக்கு நான் பதில் சொல்லுறன், அது என்ரை கடமை. ஆனா பாக்கியத்துக்கு ஆர் பதில் சொல்லுறது?"

"அவன் சொல்லுவான்தானே, ரயிலிலை..."

"எனக்கும் நீங்கள் ரயிலிலைதான் சொன்னனீங்கள்."

செபநாயகம் வேறு பக்கம் பார்த்தார். பாலேஸ்வரி குரலை உயர்த்தவில்லை.

"அனுராதபுரம் தாண்டின பிறகு. 'இனிக் கொழும்புக்குப் போகமாட்டம், வேலையை விட்டிட்டன்' எண்டு சொன்னனீங்கள். பிள்ளை மடியிலை நித்திரை. சத்தம் போட்டு அழவும் ஏலாது, இறங்கவும் ஏலாது. பளை வரும் மட்டும் யன்னலாலை இருட்டைப் பாத்துக்கொண்டு வந்தனான். பேந்து எனக்கு இந்த ஊர் பிடிச்சுது, தோட்டம் பிடிச்சுது, எல்லாம் உண்மை. ஆனா அந்த ராத்திரியை மட்டும் நான் கொப்பியிலை எழுதேல்லை. எழுதியிருந்தால் அவர் தன்ரை மனிசிக்குச் சொல்லிப்போட்டு வெளிக்கிட்டிருப்பார்."

சீவரத்தினம் அவளைப் பார்க்க முடியாமல் நிலத்தைப் பார்த்தார். மன்னிப்பு என்ற சொல் அந்த வீட்டில் வழக்கத்தில் இல்லை, அவரும் அதைச் சொல்லவில்லை.

"செபநாயகம், கப்பல் வெள்ளிக்கிழமை விடிய எண்டுதானே எழுதியிருக்கு?"

"ஓம்."

"அப்ப நாளைக்குப் பின்னேர மெயிலைப் பிடிச்சால் கப்பலடிக்குப் போகலாம்." பாலேஸ்வரியிடம் திரும்பினார். "சுன்னாகத்திலை நிண்டு பிரயோசனம் இல்லை, பாலேஸ். உடுப்புகளை எடுத்து வையும். பாக்கியத்துக்கு ரயில் ஏறமுன்னம் விசயம் தெரியவேணும்."